மூன்று புள்ளி இரண்டு

செயலிக்குத் தோசை தெரியும்,
இந்தியன் பான்கேக் என்ற பெயரில்.
நாசி கண்டார் தெரியாது.
'பஞ்சிர்' என்று சொன்ன வாய் மூடும் முன்
பாக்கார் பாய் தட்டு மறைய ஊற்றும் மூன்று குழம்புகளுக்கு
அதன் பட்டியலில் இடமே இல்லை.
அதனால் எனக்குத் தினமும் இரண்டு சாப்பாடு:
சாப்பிட்டது ஒன்று,
அதனிடம் சொன்னது ஒன்று.

இன்று 'சோறு, ஒரு கிண்ணம்' என்றேன்.
ஏழு அலகு என்றது.
கடையின் கழிவறையில் சட்டையைத் தூக்கி
தொப்புளுக்கு நாலு விரல் தள்ளிக் குத்தி
குழாய் சொட்டும் சத்தத்தில் பத்து வரை எண்ணி
ஊசிப் பேனாவை எடுக்கும்போது
லோகேஸ்வரி கூப்பிட்டாள்.

"கம்பெனியில சொல்லிட்டீங்களா, ஊசிக்கு மாறினத?"

நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரைமேல் உட்கார்ந்து கண்டெய்னர் தூக்குகிறவன் நான்.
சொன்னால் இறக்கிவிடுவார்கள்.
கணினி முன்னால் ஒரு நாற்காலி,
உயரத்துக்கான அலவன்ஸ் கிடையாது.
பிறையில் அவள் வேலை பார்த்த ஆலையை மூடி எட்டு மாதம்.
அது தெரிந்தே சொன்னேன்:
"முதல்ல நீ ஒரு சம்பளம் கொண்டாந்து காட்டு, அப்புறம் கேளு."

அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.
நின்றது.

மணி இரண்டு நாற்பது. பட்டர்வொர்த் துறைமுகம்,
ஐந்தாம் எண் பாரந்தூக்கியின் அடி.
புஜத்தில் ஒட்டிய வில்லையிலிருந்து
கைப்பேசிக்கு வந்தது: பதினான்கு புள்ளி ஒன்று.
கை தானாகப் பேனாவைத் தேடியது.
இன்னொரு மூன்று அலகு போட்டால் சரியாகிவிடும்,
பிறகு ஏறலாம்.

கேட்டுப் பார்த்தேன். பூஜ்யம் என்றது.
கீழே பொடி எழுத்தில், மரியாதையான மலாயில்:
உடலில் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பது
மூன்று புள்ளி இரண்டு அலகு.
தயவுசெய்து காத்திருக்கவும்.

போட்டது முடியவில்லை.
ஊசியைக் குப்பையில் எறிந்த பிறகும்
தோலுக்கு அடியில் ஷிப்ட் ஓடுகிறது.
அதன்மேல் இன்னொன்றை ஏற்றினால்
நாலு மணிக்கு, நான் உச்சியில் இருக்கும்போது,
இரண்டும் சேர்ந்து இறங்கும்.
வேர்க்கும். நெம்புகோலில் விரல் நடுங்கும்.
காலடிக் கண்ணாடியில் கப்பல் இரண்டாகப் பிரியும்.
கீழே நேப்பாளத்துத் தீபக்
எதுவும் தெரியாமல்
மேலே பார்த்துக் கையசைப்பான்.

வாட்ஸ்அப்பிலும் ஒன்று பாதியில் இருந்தது,
லோகேஸ்வரிக்கு.
'உனக்கு ஒரு மண்ணும் தெரியாது' வரை அடித்திருந்தேன்.
கழிவறையில் அவளுக்குப் போட்டதில்
இன்னும் எவ்வளவு மிச்சம் என்று காட்ட
எந்தத் திரையும் இல்லை.
நாலு மணி நேரத்தில் கரைகிற ரகமும் இல்லை அது.
அழித்தேன்,
எழுத்து எழுத்தாக, மெய்யின் புள்ளி உட்பட.

பிறகு மதியச் சாப்பாட்டைத் திருத்தினேன்.
சோறு, இரண்டு கிண்ணம்.
குழம்பு மூன்று விதம், பொரித்த கோழி.
தே தாரேக் ஒன்று. சீனி போட்டதுதான்.
செயலி கொஞ்சம் சுற்றியது. திட்டவில்லை.
மூன்று பத்துக்கு மறுபடி பார்க்கச் சொன்னது.

வாக்கி டாக்கியில் ரோஸ்லான்:
"ஐந்து, ஏறியாச்சா?"

ஏணியின் முதல் படி வெயிலில் கொதித்தது.
ஒரு கையுறை மாட்டியிருந்தேன்.
மற்றது பல்லில் இருந்தது.
எடுத்துவிட்டுச் சொன்னேன்:
"ஏறல போஸ். ஆபீசுக்கு வர்றேன். ஒண்ணு சொல்லணும்."

பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டேன் போல.
ரொம்ப நேரம் என் மூச்சுதான்
துறைமுகம் முழுக்கக் கேட்டதாம்.
தீபக் சொன்னான்.

படியில் உட்கார்ந்து பார்த்தேன்.
பதின்மூன்று புள்ளி எட்டு.
பக்கத்தில் ஓர் அம்பு,
கிட்டத்தட்டப் படுத்தபடி,
கீழே பார்த்து.